தாயத்துக்கு விலை வைப்பது யார்?
எடை போட்டால் 20 ரூபாய். பேச்சைக் கேட்டால் ஆயிரக்கணக்கில்!

காஞ்சீபுரம்:-

பட்டுச் சேலைக்கு விலை கேட்டால் காஞ்சீபுரத்துக்காரர் முதலில் தராசைத்தான் பார்ப்பார். பட்டு எத்தனை கிராம்? ஜரிகை எத்தனை கிராம்? கோர்வை உண்டா? நெசவுக் கூலி எவ்வளவு? கணக்கு முடிந்தது. "ஸ்பெஷல் ஆர்டர்" சேலைக்கும் இதே கணக்குதான். புது டிசைனுக்கு அட்டை குத்துகிற செலவு மட்டும் கூட வரும்.

கோவில் ஊர்களில் இன்னொரு சரக்கும் விற்பனை ஆகிறது. தாயத்து, எந்திரத் தகடு, ராசிக்கல் மோதிரம், வலம்புரிச் சங்கு. இதிலும் "ஸ்பெஷல் ஆர்டர்" உண்டு. பெயரும் நட்சத்திரமும் சொன்னால் போதும், செய்து கொடுப்பார்கள். ஆனால் விலைக்குத் தராசு கிடையாது!

மந்திரப் பொருளுக்கு எப்படித்தான் விலை வைப்பது? சிரிக்க வேண்டாம். இதற்கு அச்சடித்த விலைப்பட்டியலே ஒரு இடத்தில் இருக்கிறது. ஆனால் அது விளையாட்டில்! விவரம் வருமாறு:-

மாய வாள் 2 ஆயிரம் பொன்

அந்த விளையாட்டின் பெயர் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்". 1974-ம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னேசன் என்ற இருவர் கொண்டு வந்தது. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று வேஷம் கட்டி, பகடை உருட்டிக் கதை நடத்துவார்கள். அம்புலிமாமா கதைக்குள் நாமே புகுந்து ஆடுகிற மாதிரி. நியாயம் சொல்ல ஒரு நடுவர் உண்டு.

2000-ம் ஆண்டு வந்த 3-வது பதிப்பில், புதிதாக மாயப் பொருள் செய்ய விரும்புகிறவர்களுக்கு விலைச் சூத்திரமே கொடுத்து விட்டார்கள். பகடையில் விழும் எண்ணோடு ஒன்று கூட்டித் தரும் வாளா? மந்திரத்துக்கு மட்டும் 2 ஆயிரம் பொன். இரண்டு கூட்டினால் 8 ஆயிரம். மூன்று கூட்டினால் 18 ஆயிரம். பலம் இரண்டு மடங்கானால் விலை நாலு மடங்கு! செய்கிற செலவு, விற்கிற விலையில் பாதி. தினம் ஒரு தடவை மட்டும் வேலை செய்கிற சாமான் என்றால், எத்தனை தடவை வேண்டுமானாலும் வேலை செய்கிற சாமானின் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான்.

பலே கில்லாடிகள் அங்கேயும் உண்டு. ஒரே ஒரு அடிக்கு மட்டும் பகடையில் 20 கூட்டித் தரும் சின்ன மந்திரம் ஒன்று இருக்கிறது. அதை ஒரு மோதிரத்தில் ஏற்றி, "எந்நேரமும் வேலை செய்யும்" என்று சூத்திரத்தில் போட்டால், விலை வெறும் 2 ஆயிரம் பொன். ஒன்று கூட்டுகிற வாளுக்கும் 2 ஆயிரம், இருபது கூட்டுகிற மோதிரத்துக்கும் 2 ஆயிரம்! நடுவர் விடுவாரா? சூத்திரம் ஒரு வழிகாட்டிதான், ஏற்கனவே பட்டியலில் இருக்கிற சாமானோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விலையை முடிவு செய்ய வேண்டும் என்று புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மோதிர ஆசாமி கதை அங்கேயே முடிந்தது.

பொன் காகிதப் பொன். சண்டை வாய்ச்சண்டை. ஆனாலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சாமான் என்ன வேலை செய்யும் என்று முதலில் எழுத வேண்டும். அப்புறம்தான் விலை. சொன்னபடி வேலை செய்யாவிட்டால் நடுவரைக் கேட்கலாம்.

நம்ம தெருவில் நடுவர் யார்?

எந்தப் பக்கம் கூட்டினாலும் 72

குபேர எந்திரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்பது கட்டம். அதில் எழுதும் எண்கள் இவை:

27 – 20 – 25
22 – 24 – 26
23 – 28 – 21

பென்சிலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் 72. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 1 முதல் 9 வரை போட்டு எந்தப் பக்கமும் 15 வரும் கட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் ஒவ்வொரு எண்ணோடும் 19 கூட்டினால் இதுதான் வரும்.

இதை வீட்டில் கோலமாகப் போட்டுக் கும்பிடுகிற தாய்மார்கள் உண்டு. அரிசி மாவுதான் செலவு. அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அதே கட்டம் செம்புத் தகட்டில் ஏறியதும் கதை மாறுகிறது. தாமிரம் கிலோ ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக் கொள்வோம். 20 கிராம் தகட்டுக்கு 20 ரூபாய். எழுதுகிற கூலி, கடை வாடகை, லாபம் எல்லாம் சேர்த்தாலும் நூறு, இருநூறில் அடங்க வேண்டிய சரக்கு. அப்போதுதான் ஆரம்பம் ஆகும். "அம்மா, இது சாதா தகடு. உங்க ஜாதகத்துக்கு இது தாங்காது. 48 நாள் பூஜை போட்டுத் தர்றேன்." பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போகிறதா, ஒரு விலை. கடையில் வியாபாரம் படுத்துவிட்டதா, வேறு விலை. ஆஸ்பத்திரியில் கைவிட்ட நோயாளியா, கேட்கவே வேண்டாம். கஷ்டம் பெரிசாக இருந்தால் விலையும் பெரிசு!

சங்கு விஷயம் இன்னும் வேடிக்கை. நம்ம கடலில் கிடைக்கும் பூஜைச் சங்கு எல்லாமே இடம்புரி. லட்சத்தில் ஒன்று வலம்புரி என்று சொல்வார்கள். அதனால்தான் அந்த விலை. ஆனால் அமெரிக்கக் கடலோரத்தில் ஒரு ஜாதிச் சங்கு உண்டு. பிறவியிலேயே அதன் சுழி அந்தப் பக்கம்தான்! அது சர்வ சாதாரணமாகக் கிடைக்கும். அது இங்கே வந்து "வலம்புரி" ஆகிவிடுகிறது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அசல் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் வரிவரியாக மடிப்பு இருக்கும். அமெரிக்கச் சங்கில் அது வழவழ.

கோடிக்குப் போன செம்பு

இந்த வியாபாரத்தின் பெரியண்ணன்தான் "ரைஸ் புல்லிங்". கோபுரக் கலசத்தில் இடி விழுந்ததாம். செம்பு "இரிடியம்" ஆகிவிட்டதாம். பக்கத்தில் அரிசியைக் கொண்டுபோனால் இழுக்குமாம். அமெரிக்காவின் "நாசா" கோடிக்கணக்கில் வாங்கிக் கொள்ளுமாம்!

இரிடியம் நிஜமான உலோகம்தான். 1803-ல் இங்கிலாந்தில் ஸ்மித்சன் டெனன்ட் கண்டுபிடித்தது. விலை உயர்ந்ததும் உண்மை. மோட்டார் சைக்கிள் ஸ்பார்க் பிளக் முனையில்கூட வைக்கிறார்கள். ஆனால் அதற்குக் காந்த குணம் கிடையாது. அரிசியையும் இழுக்காது. இடி விழுந்தால் செம்பு உருகலாம். வேறு உலோகம் ஆகாது. இழுக்கிற வித்தை எப்படி? பாத்திரத்தில் மறைத்து வைத்த காந்தம், அரிசியில் கலந்த இரும்புத் துணுக்கு. அவ்வளவுதான்.

2018-ம் ஆண்டு மே மாதம் டெல்லி போலீசார் இந்த வழக்கில் ஒரு தகப்பனையும் மகனையும் கைது செய்தார்கள். ஒரு வியாபாரி பறிகொடுத்தது ரூ.1 கோடியே 43 லட்சம். கதிர்வீச்சு தடுக்கும் "விண்வெளி" உடுப்பு போட்டுக் கொண்டு சோதனை நடத்துவதாக நாடகம் ஆடியிருக்கிறார்கள்! தமிழ்நாட்டில் 2025-ல் சி.பி.சி.ஐ.டி. போலீசார் இரிடியம் கும்பலைப் பல ஊர்களில் வளைத்தார்கள். இந்தத் தடவை செம்பைக்கூடக் காட்டவில்லை. "இரிடியம் விற்ற பணம் ரிசர்வ் வங்கியில் கிடக்கிறது, கமிஷன் கட்டினால் கோடி கிடைக்கும்" என்ற பேச்சு மட்டும்தான் சரக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

1954-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் இவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்தால் குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். மறுபடியும் மாட்டினால் ஒரு வருடம் வரை. ஆனால் இது நோய், உடம்பு சம்பந்தப்பட்ட விளம்பரத்துக்கு மட்டும். கடன் தீரும், கல்யாணம் கைகூடும் என்று சொல்லி விற்கிற தகடு இதில் மாட்டாது. அங்கேதான் ஓட்டை.

அதற்கு மோசடிச் சட்டம்தான் கதி. பழைய "420". 1-7-2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு. 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்னான் என்று நிரூபிக்க வேண்டும். பில் இருக்காது, சாட்சி இருக்காது. "தாயத்து வாங்கி ஏமாந்தேன்" என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்ல வெட்கம் வேறு!

பட்டிலும் பித்தலாட்டம் இல்லாமல் இல்லை. வெள்ளி ஜரிகை என்று செம்பு ஜரிகையைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே உரசிப் பார்க்கலாம். அசல் ஜரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் கதிர் பாய்ச்சி வெள்ளி எத்தனை சதவீதம் என்று சொல்லும் மெஷினும் வந்துவிட்டது. தகட்டை அந்த மெஷினில் வைத்தாலும் பதில் வரும். செம்பு என்று சொல்லும். 48 நாள் பூஜை அதில் தெரியாது.