வீடும் மூச்சு விட வேண்டாமா?

பெண்ணின் பிரசவத்துக்குத் துணையாக ஜெர்மனிக்குப் போனவள், ஜன்னலைத் திறந்து மூடப் பாடம் படித்துவிட்டு வந்தேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

ஸ்டுட்கார்ட் நகரில், மூன்றாவது மாடியில் மகளின் வாடகை வீடு. நான் போய் இறங்கியது நவம்பர் மாதம். எலும்பு வரை குத்துகிற குளிர். பேரன் பிறந்து வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், எல்லா ஜன்னல்களையும் இறுகச் சாத்தியதுதான். பிள்ளை பெற்ற உடம்பும் பச்சைக் குழந்தையும் இருக்கிற வீடு ஆயிற்றே! பூண்டுக் குழம்பு, மிளகு ரசம் என்று அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டே இருக்கும். குழந்தையின் துணிகளை அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தினேன். ஹீட்டர் இரவும் பகலும் ஓடியது.

இரண்டே வாரத்தில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்துக் கொட்டியது. குழந்தைக்கு மூக்கடைப்பு. பால் குடிக்க முடியாமல் அழுதான். குளிர் எங்கேயோ உள்ளே வருகிறது என்று நினைத்து, ஜன்னல் ஓரத்தில் ஒரு துண்டையும் சுருட்டி வைத்தேன்.

அந்த ஊரில், பிரசவமான பெண்ணை மருத்துவச்சி வீடு தேடி வந்து பார்க்கிறார். அன்று வந்தவர் அறைக்குள் கால் வைத்ததுமே முகத்தைச் சுளித்தார். குழந்தையோடு மகளை ஹாலுக்கு அனுப்பினார். ஹீட்டரின் குமிழைத் திருகி அடைத்தார். அடுத்த நிமிஷம், ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டார்!

எனக்குப் பகீரென்றது. "ஏண்டி, இந்தம்மா என்ன பண்றாங்க? குழந்தைக்கு ஜன்னி வந்துடாதா?"

"சும்மா இரும்மா. அஞ்சு நிமிஷந்தான்" என்றாள் மகள்.

மருத்துவச்சி ஒன்றும் பேசாமல் அலமாரியின் பின்பக்கத்தைக் கை காட்டினார். எட்டிப் பார்த்தேன். சுவர் மூலையில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை! வெளியிலிருந்து வந்த குளிரல்ல, நான் உள்ளே பூட்டி வைத்த ஈரம்தான் அந்த வேலையைச் செய்திருந்தது.

குழந்தையை டாக்டரிடமும் காட்டினோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "தினமும் அறைக்குக் காற்று விடுகிறீர்களா?" என்பதுதான். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா போன்ற தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது.

நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முற்றம், ஓட்டுக் கூரை, இடுக்கு விட்ட மரக் கதவு. நாம் மறந்தாலும் வீடு தானாக மூச்சு விடும். ஐரோப்பிய ஜன்னல் அப்படியல்ல. இரண்டு கண்ணாடிகள், நடுவில் இடைவெளி, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, நாலு பக்கமும் பூட்டிக்கொள்ளும் கொக்கிகள். சாத்தினால் காற்று போக வழியே இல்லை. சோறு வடிக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, ஈரத்துணி, நம் மூச்சு எல்லாம் உள்ளேயே தங்கி, வீட்டில் எந்தச் சுவர் அதிகக் குளிர்ச்சியோ அங்கே போய்த் தண்ணீராகப் படிகிறது.

அந்த ஜன்னலின் கைப்பிடியில் மூன்று நிலைகள். கீழே பார்த்தால் பூட்டு. பக்கவாட்டில் திருப்பினால் கதவு மாதிரி அறைக்குள் திறக்கும். மேலே திருப்பினால் மேல்பாகம் மட்டும் உள்பக்கமாகச் சாயும். குளிர்காலத்தில் நாள் பூராவும் சாய்த்து வைப்பது தப்பு. காற்றும் சரியாக மாறாது, சுற்றியுள்ள சுவர் சில்லிட்டு அங்கேயும் பூஞ்சை பிடிக்கும். முழுசாகத் திறந்து, எதிர் ஜன்னலையும் திறந்து, ஐந்திலிருந்து பத்து நிமிஷம் விட்டுச் சாத்த வேண்டும். இப்படித் தினமும் மூன்று தடவை. சுவரும் சாமான்களும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அறை சீக்கிரமே பழையபடி வெதுவெதுப்பாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு நாள் ஜன்னல் திறந்திருக்கும்போதே கைப்பிடியை மேலே திருப்பிவிட்டேன். அவ்வளவுதான், மேல் மூலை பிடியை விட்டு, ஜன்னலே கையோடு வருவது போல் சாய்ந்தது! வீட்டில் நானும் தொட்டில் குழந்தையும்தான். இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை வரும்வரை நின்றேன். அவர் மேல் மூலையைச் சட்டத்தோடு அழுத்திக் கைப்பிடியைத் திருப்பினார், சரியாகிவிட்டது. "சாத்தின பிறகுதான் அத்தை கைப்பிடியைத் திருப்பணும்" என்றார். அன்றே தொட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டோம். அலமாரியையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தோம். பூஞ்சை மறுபடி வரவில்லை. பேரனும் மூக்கடைப்பு நீங்கி நன்றாகப் பால் குடித்தான்.

ஊர் திரும்பிய பிறகு, தாம்பரத்தில் எங்கள் வீட்டின் கரையான் அரித்த ஜன்னல்களை எடுத்துவிட்டு இதே மாதிரி யு.பி.வி.சி. ஜன்னல்கள் போட்டோம். நீங்களும் போடுவதாக இருந்தால், நான் கடைக்காரரிடம் கேட்டவற்றைக் கேளுங்கள்.

* சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய இரும்பு வைத்திருக்கிறார்களா? வெறும் பிளாஸ்டிக் சட்டம் பெரிய ஜன்னலுக்குத் தாங்காது, வளைந்துவிடும்.

* மேற்கு வெயில் அடிக்கிற அறையா? இரட்டைக் கண்ணாடி மட்டும் வெயிலைத் தடுக்காது. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள கண்ணாடி கேளுங்கள். சன்ஷேடை எடுத்துவிடாதீர்கள்.

* உள்பக்கம் திறக்கிற ஜன்னல் என்றால் கம்பியும் கொசுவலையும் வெளிப்பக்கம் வரும். கண்ணாடியின் வெளிமுகத்தையும் உள்ளே நின்றே துடைக்கலாம். ஆனால் திரைச்சீலை, மேஜை எதுவும் இடிக்காதபடி இடம் விட வேண்டும்.

* குழந்தைகள் உள்ள வீட்டுக்குச் சாவி போட்டுப் பூட்டும் கைப்பிடி அவசியம். ஜன்னலடியில் ஏறி நிற்கிற மாதிரி எதையும் போடாதீர்கள்.

* பால்கனிக்குத் தரை வரை கண்ணாடிக் கதவு வைத்தால், அது பதப்படுத்திய கண்ணாடியாக இருக்கட்டும். உடைந்தாலும் கூரிய பெரிய துண்டுகளாகச் சிதறாது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி போதும். தேய்க்கிற பவுடர், கம்பி நார், தின்னர் கூடாது. சட்டத்தின் அடியில் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடியாவிட்டால் துளையைக் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்! கீல்களுக்கும் கொக்கிகளுக்கும் வருஷம் ஒரு முறை தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். ரப்பர் பட்டைக்கு அதற்கென்று விற்கும் சிலிக்கான் தடவினால் வெடிக்காது.

"நம்ம ஊர்லதான் குளிரே இல்லையே, எங்களுக்கு எதுக்கு இந்தப் பாடம்?" என்கிறீர்களா? ராத்திரி ஏ.சி. போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு, குழந்தைகளோடு தூங்குகிறோமே! வீடுகளில் நாம் வைத்திருக்கிற ஏ.சி. பெரும்பாலும் அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது, புதுக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை.

ஆகவே, காலையில் வாசலில் கோலம் போட்ட கையோடு படுக்கையறை ஜன்னல்களைப் பத்து நிமிஷம் விரியத் திறந்து வையுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜன்னலானாலும், அதைத் திறக்க நம் கைதானே வேண்டியிருக்கிறது!