செவிவழிச் சந்தை

நுழையும்முன்

கடைத்தெருவில் பொருளைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டுப் பார்த்து வாங்குகிறோம். வானொலியிலோ பொருள் தெரிவதில்லை. அதைச் செய்தவரின் குரல் மட்டுமே காதில் விழுகிறது. அக்குரலை நம்பியே கேட்பவர் கடையைத் தேடி வருகிறார். பெருந்தொகை செலவிட்டு விளம்பரம் செய்ய இயலாத சிறுதொழில் முனைவோருக்கு வானொலி நேர்காணல் ஓர் அரிய வாய்ப்பு. அவ்வாய்ப்பைப் பயனுறச் செய்யும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

சென்னையும் வானொலியும்

1924 ஆம் ஆண்டு சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. பொருள் நெருக்கடியால் 1927 இல் அதன் பணி நின்றது. 1930 முதல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்றது. 2004 இல் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி பிறந்தது. இன்று அரசு வானொலி, தனியார் பண்பலை, சமுதாய வானொலி என மூவகை நிலையங்கள் நகரில் இயங்குகின்றன. அண்டை வாழ் மக்களின் தொழிலையும் வாழ்வையும் பேசுவதற்குச் சமுதாய வானொலி மிகவும் ஏற்றது.

ரேடியோ நெல்

வானொலியால் ஒரு பொருள் பரவியதற்குத் தமிழகத்திலேயே சிறந்த சான்று உண்டு. 1960களில் ‘ஆடுதுறை 27’ என்னும் குறுகியகால நெல் வகை, தஞ்சை மாவட்டக் குறுவைச் சாகுபடிக்கென அறிமுகமானது. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் அந்நெல்லைப் பற்றித் தொடர்ந்து எடுத்துரைத்தன. உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் சூட்டிவிட்டனர். புகழுரையை மட்டும் கேட்டு எந்த உழவரும் தம் நிலத்தில் புதுவிதையை இடமாட்டார். எப்போது விதைப்பது, எவ்வளவு உரமிடுவது என்ற வினாக்களுக்கு விடை கிடைத்தால்தான் துணிவார். கேட்பவருக்குப் பயன்படும் செய்தியே பொருளை அவரிடம் கொண்டு சேர்க்கிறது. வணிக நேர்காணலுக்கும் இதுவே அடிப்படை.

மூன்று செய்திகள் போதும்

கோபாலபுரத்தில் ஒரு பெண்மணி வீட்டிலேயே பருப்புப்பொடியும் ஊறுகாயும் செய்து விற்பதாகக் கொள்வோம். சமுதாய வானொலி ஒன்று பத்து நிமிட நேர்காணலுக்கு அவரை அழைக்கிறது. அவரிடம் நாற்பது வகைப் பொருள்கள் இருக்கலாம். அத்தனையையும் அடுக்கினால் ஒன்றும் நினைவில் நிற்காது. படிப்பவர் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். கேட்பவருக்கு அவ்வசதி இல்லை. எனவே, மூன்று செய்திகளை மட்டும் முன்னரே தேர்ந்துகொள்ள வேண்டும்.

“எங்கள் பொடி மிகவும் தரமானது” என்னும் விடையைக் கேட்பவர் உடனே மறந்துவிடுவார். “பருப்பைச் சிறுதீயில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு அரைக்க வேண்டும், சூட்டோடு அரைத்தால் ஈரம் கோத்துப் பொடி விரைவில் கெடும்” என்னும் விடையோ அவரது அடுக்களைக்கே சென்றுவிடும். தொழில் நுணுக்கத்தைச் சொன்னால் வாடிக்கையாளர் குறைவர் என அஞ்ச வேண்டியதில்லை. செய்முறையைத் தெளிவாகச் சொல்பவரிடம்தான் நம்பிக்கை பிறக்கிறது.

கடினமான வினாவும் வரும். “கடையில் கிடைப்பதைவிட உங்கள் ஊறுகாய் ஏன் விலை கூடுதல்?” என்று கேட்டால் மழுப்பலாகாது. செக்கு நல்லெண்ணெயின் விலை, கையால் காய் நறுக்குவதற்கான கூலி ஆகியவற்றை உள்ளபடி கூறுவதே சிறப்பு.

ஒலிவாங்கியின் முன்

எழுதி மனப்பாடம் செய்த உரை வானொலியில் வாசிப்பதுபோல் ஒலிக்கும். குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, எதிரில் உள்ள ஒருவரிடம் பேசுவதுபோல் இயல்பாகப் பேச வேண்டும். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி நன்று. ‘ப’ என்னும் எழுத்து இதழ்கள் இயைந்து பிறப்பது; இதழ் திறக்கும்போது வெளிப்படும் காற்று ஒலிவாங்கியில் மோதி ‘பட்’டென இரைச்சலிடும். முகத்தைச் சற்றே பக்கவாட்டில் வைத்துப் பேசினால் இக்குறை நீங்கும். வளையல் ஓசையும் தாள் சரசரப்பும்கூடப் பெரிதாகக் கேட்கும். கைப்பேசி வழி நேர்காணலாயின், மின்விசிறியை நிறுத்திவிட்டு அமைதியான அறையில் அமர வேண்டும்.

முகவரியைக் கூறுவதும் ஒரு கலை. ‘அவ்வை சண்முகம் சாலை’ என்றால் இளையோர்க்கு விளங்கும். ‘பழைய லாயிட்ஸ் சாலை’ என்றும் சேர்த்துச் சொன்னால் முதியோர்க்கும் விளங்கும். தொலைபேசி எண்ணை நிறுத்தி நிதானமாக இருமுறை கூற வேண்டும்.

வாய்மையே மூலதனம்

ஆர்வ மிகுதியால் சிலர், “இப்பொடியை உண்டால் நீரிழிவு தீரும்” என்று கூறிவிடுவதுண்டு. கேட்பவர் அதை நம்பி மருந்தை நிறுத்தினால் அவர் உயிருக்கே தீங்கு நேரலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, ஒலிவழிச் செய்யப்படும் அறிவிப்பையும் விளம்பரமாகவே கருதுகிறது. தவறான விளம்பரத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. காற்றில் கலந்த சொல்லை மீட்க இயலாது. ஆகவே மெய்ப்பிக்க இயன்றதை மட்டுமே பேச வேண்டும்.

நேர்காணல் ஒலிபரப்பாகும் நாளில் போதிய சரக்கும், அழைப்புகளுக்கு விடையளிக்க ஆளும் இருத்தல் வேண்டும். நம்பி அழைத்தவர்க்கு மறுமொழி கிடைக்கவில்லையெனில் நேர்காணலின் பயன் அங்கேயே முடிந்துவிடும். குரலால் பெற்ற நம்பிக்கையைப் பொருளின் தரமே நிலைநிறுத்தும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள சிறுதொழில் முனைவோர் ஒருவரை வானொலிக்காக நேர்காணல் செய்வதற்கு ஐந்து வினாக்களை உருவாக்குக.

2. “எங்கள் பொருள் சிறந்தது” என்னும் தொடரைக் கேட்பவருக்குப் பயன்தரும் செய்தியாக மாற்றி எழுதி, வகுப்பறையில் பேசிக் காட்டுக.