உதய்ப்பூருக்கு பொக்கே அனுப்பப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு ஆர்டர் போடுங்க!

ஃப்ரெண்டுக்கு உதய்ப்பூர்ல கல்யாணம். உங்களுக்கு லீவு கிடைக்கலை. பொக்கேயாவது அனுப்பலாம்னு மொபைலை எடுத்துட்டீங்களா? முதல்ல அந்த ஊரைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க.

1559-ல் மகாராணா இரண்டாம் உதய் சிங் உருவாக்கிய நகரம் இது. பிச்சோலா ஏரிக்கரையில், சிட்டி பேலஸைச் சுற்றியுள்ள சந்துகள் பலவற்றில் கார் நுழைய முடியாது. அதனால் பின்கோடு மட்டும் போதாது. ஹோட்டல் பெயர், ஜகதீஷ் கோயில் மாதிரி பக்கத்தில் உள்ள ஓர் அடையாளம், ரிசப்ஷன் நம்பர் மூன்றையும் கொடுங்க. ஏரி நடுவே இருக்கும் லேக் பேலஸ் ஹோட்டல் என்றால், பூவும் படகு ஏறித்தான் போகணும்!

பூ விற்கும் தளங்கள் பலவும் ஆர்டரை உள்ளூர் கடைக்குத்தான் கைமாற்றிவிடும். ஸ்கிரீன்ல பார்த்த அதே பூ வரும்னு நம்பிடாதீங்க. கேட்ட பூ இல்லைன்னா என்ன கொடுப்பாங்கன்னு படிச்சுட்டுப் பணம் கட்டுங்க. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலை நேர டெலிவரிதான் பூவுக்கு நல்லது.

கடைசியா, ரூம் யார் பெயரில் இருக்குன்னு விசாரிச்சுடுங்க. பொக்கே பொண்ணுக்கு சர்ப்ரைஸா இருக்கலாம். ரிசப்ஷனுக்கு இருக்கக் கூடாது!