கைநழுவிய ஆட்டம் கைக்கு வந்தது!
டென்னிஸ் வீரர் கிருஷ்ணனின் கலங்காத மனம்

1966-ம் ஆண்டின் இறுதி. கல்கத்தாவில் ஒரு டென்னிஸ் பந்தயம். வலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு வீரர் ராமநாதன் கிருஷ்ணன். அந்தப் பக்கம் பிரேசில் நாட்டு வீரர் தாமஸ் கோச். இடது கையால் அடிப்பவர். அவருக்கு வயது 21. கிருஷ்ணனுக்கு 29.

அது சாதாரணப் பந்தயம் அல்ல. நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பைப் போட்டி. இந்தியாவும் பிரேசிலும் ஆளுக்கு இரண்டு ஆட்டங்களில் வென்று சமமாக இருந்தன. இது ஐந்தாவது ஆட்டம். கடைசி ஆட்டம். இதில் ஜெயித்தால் இந்தியா முதல் தடவையாக இறுதிப் போட்டிக்குப் போகலாம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்!

பிரேசிலை லேசாக நினைத்துவிட முடியாது. சற்று முன்புதான் அந்த அணி அமெரிக்காவையே தோற்கடித்திருந்தது.

ஒரே ஒரு கேம் பாக்கி!

டென்னிஸ் கணக்கு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குறைந்தது நான்கு பாயிண்ட் எடுத்தால் ஒரு ‘கேம்’. ஆறு கேம் எடுத்தால் ஒரு ‘செட்’. ஆனால் எதிராளியைவிட இரண்டு கேமாவது கூடுதலாக எடுத்திருக்க வேண்டும். ஐந்து செட்களில் மூன்றை வென்றவருக்கே வெற்றி.

முதல் செட்டைக் கோச் 6-3 என்று எடுத்தார். இரண்டாவதைக் கிருஷ்ணன் 6-4 என்று எடுத்தார். மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போயிற்று. சமநிலையை முடித்துவைக்கும் ‘டை-பிரேக்’ முறை அந்தக் காலத்தில் கிடையாது. 22 கேம்கள் ஆடிய பிறகு 12-10 என்று கோச் வென்றார். அவ்வளவு நேரம் போராடிப் பறிகொடுத்தால் யாருக்கும் மனம் உடைந்துபோகும்.

நான்காவது செட். கோச் 5, கிருஷ்ணன் 2. இன்னும் ஒரே ஒரு கேம். அதை எடுத்தால் கோச்சுக்கு வெற்றி!

அந்த ஒரு கேம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம்களை வென்றார். 7-5 என்று செட் அவருடையது ஆயிற்று. ஐந்தாவது செட்டையும் 6-2 என்று முடித்தார். கடைசி 13 கேம்களில் 11 கேம்கள் கிருஷ்ணனுக்கு!

பலம் அல்ல, நிதானம்

கிருஷ்ணன் அடித்து நொறுக்குகிறவர் அல்ல. அவருடைய சர்வீஸ் வேகமானதும் அல்ல. மென்மையாகத் தட்டி, எதிராளி இல்லாத இடத்தில் பந்தைப் போடுவதே அவர் வித்தை. அந்த வித்தையை வைத்துக்கொண்டுதான் 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரை இறுதி வரை போனார். 1961-ல் அவரிடம் தோற்றவர் சாமானியர் அல்ல, ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சன்!

இப்படி ஆடுகிறவருக்கு மனக்கலக்கம்தான் முதல் எதிரி. முரட்டு அடி அடிப்பவர் கோபத்திலும் அடித்துவிடலாம். மென்மையாகத் தட்டுகிறவர் கை நடுங்கினால் பந்து வலையில் விழும். மனம் பதறினால் மூச்சு மேலும் கீழும் வாங்குகிறது. தோள் இறுகுகிறது. விரல்கள் மட்டையை நெரிக்கின்றன. பிறகு கை சொன்னபடி கேட்குமா?

பந்து ஓடாத நேரம்

டென்னிஸில் பந்து ஓடும் நேரத்தைவிட ஓடாத நேரமே அதிகம். ஒரு பாயிண்ட் முடிந்து அடுத்தது தொடங்க இன்றைய விதிப்படி 25 விநாடி வரை உண்டு. பக்கம் மாறும்போது 90 விநாடி. மனம் அலைவது இந்த இடைவேளைகளில்தான். ‘போன பந்தைக் கோட்டை விட்டேனே’ என்று பின்னால் ஓடும். ‘இன்னும் இரண்டு பாயிண்ட், கோப்பை நமக்கு’ என்று முன்னால் ஓடும். முன்னால் ஓடுவதுதான் பெரிய ஆபத்து. ஏனென்றால் அது கவலை மாதிரி தெரியாது; சந்தோஷம் மாதிரி தெரியும்.

ஜிம் லோயர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் இதை ஆராய்ந்தார். படம் பிடித்த ஆட்டங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். முன்னணி வீரர்கள் பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்று கண்டார். தோற்ற பந்துக்கு முகம் சுளிக்காமல் திரும்பி நடப்பது முதல் வேலை. அடுத்தது, மூச்சை நிதானமாக விட்டு உடம்பைத் தளர்த்துவது. பிறகு அடுத்த பந்தை எங்கே அடிப்பது என்று தீர்மானிப்பது. கடைசியாக, பந்தைத் தரையில் தட்டுவது போன்ற தன் வழக்கமான காரியத்தைச் செய்வது.

ஸ்பெயின் வீரர் நடால் தண்ணீர்ப் புட்டிகளைத் தன் காலடியில் ஒரே வரிசையில் அடுக்கி வைப்பார். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அது மனத்தை ஆட்டத்தில் நிறுத்தும் வழி.

அமராவதியில் தண்ணீர் மொண்டு, தலையில் குடத்துடன் கரையேறும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். சிந்திய தண்ணீரைத் திரும்பிப் பார்த்தால் குடம் சாயும். வீடு வந்துவிட்டது என்று வேகமாக நடந்தாலும் சாயும். தாராபுரத்தில் இதை யாருக்கும் விளக்கத் தேவை இல்லை!

விஜய்க்கு நேர்ந்தது

முன்னணியில் இருப்பவர் ஜெயித்துத்தான் தீருவார் என்பதில்லை. 1979 விம்பிள்டனில் நம்முடைய விஜய் அமிர்தராஜ், ஸ்வீடன் வீரர் போர்க்குடன் மோதினார். மூன்று செட் முடிந்தபோது இரண்டு விஜய்க்கு, ஒன்று போர்க்குக்கு. போர்க் முகத்தில் சலனமே தெரியாது. நான்காவது செட்டை மயிரிழையில் 7-6 என்று பிடித்தார். ஐந்தாவதை 6-2 என்று எடுத்தார். அந்த ஆண்டுப் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

பிள்ளைகளைப் பந்தயத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. தாராபுரத்திலிருந்து கோவைக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏறிப் போய் ஆடுகிறான் பையன். ஒரு பந்தை விட்டதும் வேலிக்கு வெளியே அப்பா தலையில் அடித்துக்கொண்டால் அவன் அடுத்த பந்தையா பார்ப்பான்? அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பான். வீட்டுக்கு வந்ததும் ‘ஜெயித்தாயா?’ என்று கேட்பதற்கு முன் சோற்றைப் போடலாம்.

மெல்போர்னும் சிட்னியும்

கல்கத்தா வெற்றிக்குப் பிறகு இந்திய அணி மெல்போர்ன் நகருக்குப் போயிற்று. இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. இந்தியா எடுத்த அந்த ஒன்று இரட்டையர் ஆட்டம். நியூகோம், ரோச் என்ற பெயர்பெற்ற ஜோடியைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து வீழ்த்தினார்கள்.

21 ஆண்டுகள் கழிந்தன. 1987-ல் சிட்னி நகரில் அதே டேவிஸ் கோப்பை. அதே ஆஸ்திரேலியா. அரை இறுதி. மறுபடியும் இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டத்தில் வாலி மசூர் என்ற ஆஸ்திரேலிய வீரரைத் தோற்கடித்து இந்தியாவை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர் ரமேஷ் கிருஷ்ணன். ராமநாதன் கிருஷ்ணனின் மகன்!