நாலு ஸ்டார் பையன் எப்படி ஒன்றரை ஸ்டார் ஆனான்?

இன்னைக்கு 'ஃபுட்பால் மேனேஜர்' பத்திப் பேசலாம். கன்ட்ரோலரைப் பிடிச்சு நாமளே கோல் அடிக்கிற கேம் இல்ல இது. இங்க நீங்க மேனேஜர். ஆள் வாங்கணும், விக்கணும், பயிற்சி கொடுக்கணும். மேட்ச் ஆரம்பிச்சதும் ஓரமா நின்னு பாக்கணும். பால், ஆலிவர் காலியர்ங்கிற அண்ணன் தம்பி இங்கிலாந்துல உருவாக்கின 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' 1992-ல வந்துச்சு. அதே டீமோட கேம் 2004-லேர்ந்து இந்தப் பேர்ல வருது.

நான் இங்கிலாந்தோட ஆறாவது டிவிஷன்ல ஒரு சின்ன கிளப்பை எடுத்து ஆடினேன். என்கிட்ட 20 வயசு மிட்ஃபீல்டர் ஒருத்தன் இருந்தான். கோச் ரிப்போர்ட்ல நாலு ஸ்டார். அஞ்சு சீசன்ல மூணு புரமோஷன், அவன்தான் கேப்டன். மூணாவது டிவிஷனுக்கு வந்து பாத்தா, அதே ரிப்போர்ட்ல அவனுக்கு ஒன்றரை ஸ்டார்! காயம் இல்ல, ஃபார்மும் போகல. அப்போ என்ன ஆச்சு?

இந்த கேம்ல ஒரு பிளேயரை மூணு விதமா அளக்குறாங்க. முதல்ல, பாஸிங், வேகம், மன உறுதி மாதிரி விஷயங்களுக்கு 1-லேர்ந்து 20 வரைக்கும் மார்க். இது ஸ்கிரீன்ல தெரியும். ரெண்டாவது, இப்போதைய திறமை ஒண்ணு, எட்டக்கூடிய உச்சம் ஒண்ணு, ரெண்டும் 200-க்கு. இது நம்ம கண்ணுக்குத் தெரியாது. மூணாவதுதான் ஸ்டார். அது கோச்சோட அபிப்பிராயம், அதுவும் உங்க டீம்ல இருக்கற மத்தவங்களோட ஒப்பிட்டு.

விஷயம் அவ்வளவுதான். அவன் இறங்கல, சுத்தி இருக்கறவங்க ஏறிட்டாங்க. அவனோட மன உறுதி இன்னும் 17. நான் விக்கல.

அந்த 'உச்சம்' இன்னும் சுவாரஸ்யம். நிஜ பிளேயர்களுக்கு அதைப் போடறது ரிசர்ச்சர்கள், அதாவது மேட்ச் பாக்கற மனுஷங்க. சில இளம் பிளேயர்களுக்கு ஒரே நம்பர் போடாம, ஒரு ரேஞ்ச் மட்டும் கொடுப்பாங்க. நீங்க புது கேம் ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்தப் பையனோட தலையெழுத்து மாறும்! உச்சம் எவ்வளவு இருந்தாலும், மேட்ச் வாய்ப்பும் நல்ல பயிற்சியும் இல்லேன்னா அதைத் தொடவே மாட்டான்.

2001-ல வந்த எடிஷன்ல மில்வால் கிளப்போட செர்னோ சாம்பாதான் ஹீரோ. அப்போ அவருக்கு 16 வயசு. கேம்ல கோலா அடிச்சுத் தள்ளுவார். நிஜத்துல ஸ்பெயின், ஃபின்லாந்து, கிரீஸ், நார்வேன்னு ஆடினார். காம்பியா தேசிய அணிக்கும் ஆடினார். எத்தனை பேருக்கு இது கிடைக்கும்? ஆனா 16 வயசுல யாரோ போட்ட நம்பர் பக்கத்துல வெச்சுப் பாத்தா மட்டும், இது தோல்வி மாதிரி தெரியும்.

இப்போ நம்ம அப்ரைசலுக்கு வருவோம். சின்ன டீம்ல எனக்கு 'ஸ்டார் பெர்ஃபார்மர்'. பெரிய டீமுக்கு மாறின வருஷம் 'எதிர்பார்த்த அளவு'. நான் எழுதற கோட் ஒரே ராத்திரியில மோசமாகல.

ரேட்டிங் எல்லாம் பொய்னு சொல்ல வரல. ஆனா அந்த மெயில் வந்தா, மனசு உடையறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. யாரோட ஒப்பிட்டுப் போட்டாங்க? யார் பாத்துப் போட்டாங்க? நமக்கு எத்தனை மேட்ச் கொடுத்துட்டுப் போட்டாங்க?

உங்க டீம்ல ஒன்றரை ஸ்டார் கேப்டன் யாராவது இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பாப்போம்!