க்ளிப் கடிக்குதா?

உங்க வீட்டு வாண்டுக்குப் புதுசா பல்லுக்கு க்ளிப் போட்டாச்சா? ரெண்டாம் நாளே 'வாய் எரியுது, சோறு வேணாம்'னு அழுதா அதட்டாதீங்க பாஸ்! கம்பியும் பிராக்கெட்டும் கன்னத்துல உரசுறதால வர்ற புண் அது. எங்க இன்ஜினீயரிங் பாஷையில சொன்னா, சுத்தமான உராய்வு!

இங்கே மெழுகுதான் ஹீரோ. பல் டாக்டர் தர்ற மெழுகைச் சின்னதா உருட்டி, பிராக்கெட்டை நல்லா துடைச்சிட்டு அழுத்துங்க. ஈரத்துல ஒட்டாது. கொஞ்சம் விழுங்கிட்டாலும் பயமில்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க. காரக்குழம்பு, முறுக்குக்கு லீவு. தயிர் சாதம் ஓகே.

குத்துற கம்பியை நெயில் கட்டரால வெட்டுற வீரம் மட்டும் வேணாம். அதுக்கும், 2 வாரத்துல ஆறாத புண்ணுக்கும் டாக்டர்தான்.