யாருமே கேட்காத பத்து நாள்!

ஆபீஸில் நாலு பேர் நாலு பக்கமிருந்து வந்து, "என் வேலையை முதல்ல முடிச்சுக் கொடுங்க" என்று நின்றால் என்ன நடக்கும்? பெரும்பாலும், சத்தமாகக் கேட்பவருக்கே முதலிடம்.

அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் மையத்துக்கு இதே தலைவலிதான். ஹப்பிள் தொலைநோக்கி எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் அது. உலகமெங்கும் இருந்து விஞ்ஞானிகள் விண்ணப்பிப்பார்கள். இருப்பதோ ஒரே ஹப்பிள். வல்லுநர் குழு விண்ணப்பங்களைப் படித்துத் தரவரிசை போடும். இறுதி முடிவு இயக்குநருடையது.

மொத்த நேரத்தில் சுமார் 10 சதவிகிதத்தை இயக்குநர் தன் விருப்பப்படி ஒதுக்கலாம். 1995-ல் அந்தப் பதவியில் இருந்த ராபர்ட் வில்லியம்ஸ் ஒரு காரியம் செய்தார். ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிந்த ஒரு துளி வானத்தை, 10 நாள் தொடர்ந்து படமெடுக்கச் சொன்னார். கையை நீட்டிப் பிடித்த மணல் துகள் மறைக்கும் அளவுதான் அந்த இடம்!

வானியலில் பெரிய பெயரான ஜான் பாக்காலே இதை ஆதரிக்கவில்லை. அங்கே புதிதாகப் பெரிதாய் எதுவும் தெரியாது என்பது அவர் கணக்கு. பயமும் இருந்தது. கண்ணாடிக் கோளாறால் கேலிக்கு ஆளான ஹப்பிளை 1993 டிசம்பரில்தான் சரிசெய்திருந்தார்கள். மறுபடியும் வெறுங்கையைக் காட்டினால்? தோற்றால் பதவி விலகவும் வில்லியம்ஸ் தயாராக இருந்தார்.

டிசம்பர் 18 முதல் 28 வரை 342 படங்கள். சேர்த்துப் பார்த்தால், அந்தத் துளிக்குள் சுமார் 3,000 கேலக்ஸிகள்! அப்போதெல்லாம் வழக்கமாக விண்ணப்பித்தவருக்கு மட்டும் ஓராண்டு தனி உரிமை இருந்தது. இந்தப் படங்களையோ அடுத்த மாதமே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

சரி, வரிசையில் நிற்பவர்கள்? அங்கேயும் ஒரு கோணல் இருந்தது. பெண்கள் தலைமையிலான விண்ணப்பங்கள் பல வருடங்களாகக் கொஞ்சம் குறைவாகவே தேர்வாகிவந்தன. 2018-ல் பெயர்களை மறைத்துவிட்டுக் குழுவிடம் கொடுத்தார்கள். யார் கேட்கிறார் என்பதே தெரியாது. என்ன கேட்கிறார் என்பது மட்டும்தான். அந்தச் சுற்றில் ஆண்களுக்கு 8 சதவிகிதம், பெண்களுக்கு 8.7 சதவிகிதம் கிடைத்தது.

பெயரை மறைத்ததால் நேரம் கூடிவிடவில்லை. பத்தில் ஒன்பது பேர் அந்த முறையும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.